முன்பணம் என்னும் தளை

நுழையும்முன்

ஆள்கடத்தல் என்றவுடன் இருளில் விரையும் வண்டியும் முகம் மறைத்த மனிதரும் நம் நினைவுக்கு வருகின்றனர். ஆனால், நம் ஊர்களில் அது பெரும்பாலும் பட்டப்பகலில், பெற்றோர் வழியனுப்பி வைக்க, பழகிய ஒருவரின் துணையோடு நடைபெறுகிறது. உதவி என்னும் பெயரில் வரும் அத்தீமையை இனங்காணவும், கண்டபின் முறையாகச் செயற்படவும் வேண்டிய கருத்துகளை இக்கட்டுரை முன்வைக்கிறது.

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறக்கிறது. வருகைப் பதிவேட்டில் ஒரு மாணவியின் பெயர் அழைக்கப்படுகிறது. விடை இல்லை. மறுநாளும் இல்லை. ஒரு வாரம் கழிந்தபின், அருகில் அமர்ந்திருந்த தோழி எழுந்து, “அவள் மில்லுக்குப் போய்விட்டாள், ஐயா” என்கிறாள். பதிவேட்டில் ஒரு குறி இடப்படுகிறது, பாடம் தொடர்கிறது.

அந்த மாணவி யாருடன் சென்றாள்? எந்த ஊருக்குச் சென்றாள்? எவ்வளவு காலத்துக்குச் சென்றாள்? அவளுடைய பெற்றோரிடம் எவ்வளவு பணம் கொடுக்கப்பட்டது? அவள் விரும்பினால் நாளையே வீடு திரும்ப முடியுமா? இந்த ஐந்து வினாக்களையும் அந்த வகுப்பறையில் எவரும் கேட்கவில்லை. அவளுடைய தெருவிலும் எவரும் கேட்டிருக்க மாட்டார்கள். வேலைக்குப் போவதில் தவறென்ன என்று எல்லாரும் அமைதி அடைந்திருப்பர். வேலைக்குச் செல்வது தவறன்று. ஆனால், ஐந்தாம் வினாவுக்கு ‘முடியாது’ என்பது விடையானால், அவள் வேலைக்குச் சென்றவள் அல்லள், விலைக்குச் சென்றவள்.

பழைய வணிகம், புதிய பெயர்

மனிதரை விற்பதும் வாங்குவதும் தமிழ் நிலம் அறியாதவையல்ல. வறுமையாலும் பஞ்சத்தாலும் நலிந்தோர் தம்மையும் தம் குடும்பத்தாரையும் கோயில்களுக்கும் மடங்களுக்கும் விற்றுக்கொண்ட செய்திகளைச் சோழர் காலக் கல்வெட்டுகள் கூறுகின்றன. அத்தகைய ஆவணத்துக்கு ‘ஆள்விலைப் பிரமாண இசைவுத் தீட்டு’ என்று பெயர். ‘இசைவு’ என்னும் சொல் அதில் இடம்பெற்றிருப்பது எண்ணிப்பார்க்கத்தக்கது. பசித்தவன் தன்னை விற்க இசைந்தான் என்று கல்லில் எழுதிவைத்தனர். அவனை அந்த இசைவுக்குத் தள்ளிய பசியை எவரும் குற்றமாக எழுதவில்லை.

அடிமைமுறைக்கு இருந்த சட்ட ஏற்பை ஆங்கிலேயர் ஆட்சி 1843ஆம் ஆண்டில் நீக்கியது. ஆயினும், ஓலையின் இடத்தைக் கடன்சீட்டு பிடித்துக்கொண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கை மலைநாட்டுத் தோட்டங்களுக்குத் தமிழகத்து உழைப்பாளர்கள் கங்காணிகளின் வழியே சென்றனர். கங்காணி பெரும்பாலும் அவர்களுடைய வட்டாரத்தையே சேர்ந்தவர். சில நேரங்களில் உறவினர். ஆதலால், அவர் சொல்லை நம்பினர். வழிச்செலவும் உணவுச்செலவும் தொழிலாளியின் பெயரில் கடனாக ஏறின. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குச் செல்ல ‘துண்டு’ என்னும் சீட்டு வேண்டும். கடன் முழுவதையும் தீர்த்தால் ஆள்களை விடுவிப்பதாகத் தோட்ட நிருவாகம் எழுதித் தரும் சீட்டு அது. புதிய தோட்டம் கடனைச் செலுத்தும். செலுத்திய தொகை மீண்டும் தொழிலாளியின் தலையிலேயே விழும். தோட்டம் மாறினாலும் தளை மாறவில்லை. 1921இல் சட்டத்தின் வாயிலாகத் துண்டுமுறை ஒழிக்கப்பட்டது.

நூறாண்டு கடந்துவிட்டது. கங்காணியின் இடத்தில் இன்று தரகரும் முகவரும் நிற்கின்றனர். பழகிய முகம், அவசரத்துக்கு உதவும் முன்பணம், தொலைவிலுள்ள பணியிடம், தீராத கணக்கு என்னும் நான்கும் அன்று போலவே இன்றும் உள்ளன.

இன்றைய முகங்கள்

ஒடிசா மாநிலத்தின் பலாங்கீர், நுவாபடா, களாஹாண்டி மாவட்டங்களில் அறுவடைத் திருவிழா முடிந்தபின் தரகர்கள் ஊர் ஊராக வருகின்றனர். கணவன், மனைவி, பிள்ளை எனக் குடும்பத்தையே ஓர் அலகாகக் கொண்டு முன்பணம் தருகின்றனர். அக்குடும்பங்கள் தொடர்வண்டியேறித் திருவள்ளூர் முதலிய மாவட்டங்களின் செங்கல் சூளைகளுக்கு வருகின்றன. ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி பேசப்படுகிறது. ஆனால், வாரந்தோறும் கையில் கிடைப்பது சாப்பாட்டுச் செலவுக்கான சிறு தொகையே. மழைக்காலத்துக்குமுன் சூளை அணையும்போதுதான் கணக்குப் பார்க்கப்படும். எழுதத் தெரியாதவரின் கணக்கைப் பணம் கொடுத்தவரே எழுதுகிறார். மொழி தெரியாத ஊரில் அதை மறுத்துப் பேச அவர்களால் இயலுவதில்லை.

வந்தவர்களே இவ்வாறு துன்புறுகின்றனர் என்று கருதுவதற்கில்லை. மண்ணின் மக்களாகிய இருளர் குடும்பங்கள் மரம்வெட்டும் இடங்களிலும் அரிசி ஆலைகளிலும் சூளைகளிலும் கொத்தடிமைகளாக இருந்து மீட்கப்பட்ட செய்திகள் பலமுறை வெளிவந்துள்ளன. 2019ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களின் மரம்வெட்டும் இடங்களிலிருந்து 42 பேர் மீட்கப்பட்டனர். மீட்க வந்த அதிகாரியின் காலில் முதியவர் ஒருவர் விழுந்து வணங்கிய ஒளிப்படம் நாடெங்கும் பரவியது. குடிமகன் ஒருவனுக்குச் சட்டம் ஏற்கெனவே வழங்கிய உரிமை, காலில் விழுந்து பெறவேண்டிய அருளாக அவருக்குத் தோன்றியிருந்தது. அடிமைத்தனம் உடலை மட்டும் கட்டுவதில்லை என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டியதில்லை.

கொங்கு வட்டாரத்திலும் திண்டுக்கல் பகுதியிலும் உள்ள நூற்பாலைகள் சிலவற்றில் ‘சுமங்கலித் திட்டம்’ என்னும் பெயரால் பதின்பருவப் பெண்கள் சேர்க்கப்பட்டனர். மூன்றாண்டு முடிவில் திருமணச் செலவுக்கு ஒரு தொகை மொத்தமாகக் கிடைக்கும் என்பது வாக்குறுதி. அதுவரை ஆலை விடுதியே வீடு. வெளியே செல்லக் கட்டுப்பாடு. வீட்டாரோடு பேசக் கட்டுப்பாடு. நோயுற்றோ மனம் வாடியோ இடையில் திரும்பினால், அதுவரை உழைத்த உழைப்பின் பயனே கேள்விக்குள்ளாகும். மங்கலமான பெயரொன்றைச் சூட்டியதால் அதன் உள்ளிருந்த கட்டு பலருக்குத் தெரியாமற் போயிற்று. எல்லா ஆலைகளும் இத்தகையன அல்ல. நல்ல ஊதியமும் உரிமையும் அளித்துப் பெண்களின் வாழ்வை உயர்த்திய ஆலைகளும் உண்டு. அதனாலேயே வேறுபடுத்திக் காணும் அறிவு தேவைப்படுகிறது.

மதுரை, தேனி மாவட்டங்களின் சிற்றூர்களிலிருந்து வடமாநிலங்களின் முறுக்குத் தயாரிப்புக் கூடங்களுக்குச் சிறுவர்கள் அழைத்துச் செல்லப்பட்டதும், காவிரிப் படுகைப் பகுதிகளில் ஆட்டுக்கிடைகளுக்குச் சிறுவர்கள் ஈடாக விடப்பட்டதும் அதே வகையினவே. படித்தவரும் இவ்வலைக்குத் தப்பவில்லை. தாய்லாந்தில் கணினிப் பணி என்று நம்பிச் சென்ற இளைஞர்கள் மியான்மருக்குக் கொண்டு செல்லப்பட்டு, இணையவழி மோசடி செய்யுமாறு வற்புறுத்தப்பட்டனர். அவர்களுள் 13 தமிழர்கள் 2022 அக்டோபரில் தாயகம் மீட்டு வரப்பட்டனர். பட்டம் பெற்றவனையும் எழுத்தறியாதவனையும் வீழ்த்திய பொறி ஒன்றே. சரிபார்க்காமல் நம்பிய வாக்குறுதியே அப்பொறி.

சட்டத்தின் சொல்

ஆள் வணிகத்தையும் கட்டாய உழைப்பையும் இந்திய அரசமைப்பின் 23ஆம் பிரிவு தடைசெய்கிறது. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் ஒருபடி மேலே சென்று, அந்தக் கடனையே இல்லாமற் செய்தது. கொத்தடிமைக் கடனைத் திருப்பிச் செலுத்த வேண்டிய கடப்பாடு தொழிலாளிக்கு இல்லை. அது கொத்தடிமைக் கடன் அன்று என்று மெய்ப்பிக்க வேண்டிய சுமையும் கடன் கொடுத்தவர்மீதே விழுகிறது.

சங்கிலியும் பூட்டும் இருந்தால்தான் கட்டாயம் என்பதில்லை. 1982ஆம் ஆண்டில் ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், குறைந்தபட்ச ஊதியத்துக்கும் குறைவாகப் பெற்று உழைப்பதும் கட்டாய உழைப்பே என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. பசியும் வறுமையும் ஒருவரை வேறு வழியின்றி நிறுத்துமானால், அதுவும் கட்டாயமே என்பது அத்தீர்ப்பின் சாரம். கல்வெட்டில் எழுதப்பட்ட ‘இசைவு’க்கு நீதிமன்றம் அளித்த மறுமொழி என்றே இதனைக் கருதலாம்.

இப்போது நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆம் பிரிவு ஆள்கடத்தலுக்கு ஏழாண்டுக்குக் குறையாத சிறைத்தண்டனை விதிக்கிறது. கடத்தப்பட்டவர் குழந்தையானால் பத்தாண்டுக்குக் குறையாது. சுரண்டும் நோக்கத்தோடு அச்சுறுத்தியோ, ஏமாற்றியோ, பணம் கொடுத்து இசைவு பெற்றோ ஒருவரை ஆள்சேர்ப்பதும், அழைத்துச் செல்வதும், தங்கவைப்பதும், பெற்றுக்கொள்வதும் கடத்தலே. பாதிக்கப்பட்டவர் இசைந்தார் என்று கூறிக் குற்றவாளி தப்ப முடியாது.

தெரிந்து தெளிவோம்

கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் 1976 பிப்ரவரி 9 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. ஐக்கிய நாடுகள் அவை ஜூலை 30ஆம் நாளை ஆள்கடத்தலுக்கு எதிரான உலக நாளாக அறிவித்துள்ளது.

காணும் கண்

அடையாளங்கள் கண்ணெதிரேயே உள்ளன. வீட்டில் ஒரு பெருஞ்செலவு நேர்ந்த சில நாளில் பிள்ளை ஒருவர் வேலைக்கு அனுப்பப்படுதல்; பணியிடத்தின் பெயரும் முகவரியும் பெற்றோருக்கே தெரியாதிருத்தல்; ஆதார் அட்டை, குடும்ப அட்டை, கடவுச்சீட்டு ஆகியவற்றைத் தரகரோ முதலாளியோ வாங்கி வைத்துக்கொள்ளுதல் ஆகியன புறப்படும் இடத்தில் தெரியும் குறிகள்.

பணியிடத்தில் தெரியும் குறிகள் வேறு. பள்ளி நேரத்தில் குழந்தைகள் கல் அடுக்கிக்கொண்டிருப்பர். இறப்பு நிகழ்ச்சிக்குச் சொந்த ஊர் செல்லவேண்டுமானால், குடும்பத்தில் ஒருவரை ஈடாக விட்டுச் செல்ல வேண்டியிருக்கும். தொழிலாளியிடம் கேட்ட வினாவுக்கு அருகில் நிற்கும் மேற்பார்வையாளரே விடை சொல்வார். கடைக்கும் மருத்துவமனைக்கும் ஆள் துணையின்றிச் செல்ல இயலாது. இவற்றுள் ஒன்றைக் கண்டவுடன் குற்றம் என முடிவுகட்டிவிடக் கூடாது. பல சேர்ந்து காணப்படும்போது வாளாவிருக்கவும் கூடாது.

ஊரார் கூறும் இரு மறுப்புகள்

முதல் மறுப்பு, “முன்பணம் இல்லாவிட்டால் ஏழை எப்படிப் பிழைப்பான்?” என்பது. இதில் உண்மை உண்டு. மருத்துவச் செலவுக்கும் திருமணத்துக்கும் வங்கி கடன் தராதபோது தரகர்தான் தருகிறார். ஆனால், கடன் வேறு, தளை வேறு. கடன்பட்டவர் பணத்தைத் திருப்பிக் கொடுக்கக் கடமைப்பட்டவரே அன்றித் தம் நடமாட்டத்தையும் தம் பிள்ளையின் படிப்பையும் கொடுக்கக் கடமைப்பட்டவர் அல்லர். உதவிய ஒருவர், உதவி பெற்றவர் வெளியேறும் வழியை அடைப்பாரானால் அது உதவியாகாது. ஏழைக்கு வேறு கடன்வழி இல்லை என்பது தன்னுதவிக் குழுக்களையும் கூட்டுறவுக் கடனையும் அவர்களிடம் கொண்டுசேர்ப்பதற்கான காரணமாகலாம். கொத்தடிமை முறையைப் பொறுத்துக்கொள்வதற்கான காரணமாகாது.

இரண்டாம் மறுப்பு, “அடுத்தவர் வீட்டு விவகாரத்தில் நாம் ஏன் தலையிட வேண்டும்?” என்பது. ஊரின் திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு வரி தண்டுகிறோம். ஒரு வீட்டில் இறப்பு நேர்ந்தால் தெருவே திரண்டு நிற்கிறோம். பொதுவென்னும் உணர்வு அங்கெல்லாம் இருக்கும்போது, தெருவிலிருந்து ஒரு குழந்தை காணாமற்போகும்போது மட்டும் அது ‘அடுத்தவர் விவகாரம்’ ஆகிவிடுவது முரண். தரகர் நம்பியிருப்பது தம் திறமையை மட்டுமன்று. ஊராரின் இந்தக் கூச்சத்தையும் ஆகும். ‘யாருடன், எங்கே, எவ்வளவு காலம், எவ்வளவு பணம், திரும்ப முடியுமா’ என்று நாலுபேர் கேட்கும் ஊரில் அவருடைய வணிகம் எளிதில் நடவாது.

செயற்படும் முறை

இரக்கம் மட்டும் போதாது. முறையறிந்து செயற்படவும் வேண்டும். ஐயத்துக்குரிய இடத்துக்குள் மாணவர்கள் தாமாகவே நுழைந்து மீட்க முற்படுதல் கூடாது. அது அவர்களுக்கும் உள்ளிருப்போருக்கும் தீங்காக முடியும். முதலாளியிடமோ தரகரிடமோ எச்சரிக்கை விடுத்தால், இரவோடிரவாக ஆள்கள் வேறிடத்துக்கு மாற்றப்படுவர். ஒளிப்படம் எடுத்துச் சமூக ஊடகங்களில் பரப்புதலும் தவறு. பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டம் தடைசெய்கிறது.

கண்டதைக் கண்டவாறு குறித்துக்கொண்டு, நம்பிக்கைக்குரிய ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ கூறுதல் முதற்படி. இடம், அதற்குச் செல்லும் வழி, காணப்பட்ட ஆள்களின் தோராய எண்ணிக்கை, குழந்தைகள் உள்ளனரா என்பது, அவர்கள் பேசும் மொழி ஆகியன பயன்படும் செய்திகள். குழந்தைகள் தொடர்பானதாயின் 1098, பெண்கள் தொடர்பானதாயின் 181, உடனடி ஆபத்தாயின் 112 என்னும் எண்களை அழைக்கலாம். கொத்தடிமை முறை பற்றி மாவட்ட ஆட்சியரிடமோ கோட்டாட்சியரிடமோ முறையிடலாம். இலவசச் சட்ட உதவிக்கு 15100 என்னும் எண் உள்ளது. ஊராட்சிகளில் அமைந்துள்ள குழந்தைகள் பாதுகாப்புக் குழு முறையாகக் கூடினால், பள்ளியில் நின்றுவிட்ட பிள்ளைகளின் பட்டியலே அதன் முதற் பணியாகலாம். அயல்நாட்டு வேலையெனில், பணிக்கு அனுப்பும் முகவர் இந்திய அரசில் பதிவு பெற்றவரா என்று பார்த்த பின்னரே பயணத்துக்கு இசையவேண்டும். சுற்றுலா நுழைவிசைவில் வேலைக்கு அழைப்பவர் எவராயினும் அவரை நம்புதல் ஆகாது.

மீட்சிக்குப் பின்

மீட்பு ஒருநாள் நிகழ்ச்சி, மீட்சி நெடும்பயணம். மீட்கப்பட்டவருக்கு விடுவிப்புச் சான்றிதழ் வழங்கப்பட வேண்டும். கடன் தீர்ந்தது என்பதற்கும், மறுவாழ்வு உதவி பெறுவதற்கும் அச்சான்றிதழே அடிப்படை. உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை வழங்க நடுவண் அரசின் மறுவாழ்வுத் திட்டம் வழிசெய்கிறது. ஆயினும், குடும்ப அட்டை, சாதிச் சான்றிதழ், வீட்டுமனைப் பட்டா ஆகியன இல்லாத குடும்பம், அடுத்த நோய் வரும்போது மீண்டும் அதே தரகரின் வாயிலில் நிற்க நேரிடும். திருவள்ளூர் மாவட்டத்தில், மீட்கப்பட்ட இருளர் குடும்பங்கள் மாவட்ட நிருவாகத்தின் துணையோடு தாமே செங்கல் சூளை நடத்தும் ‘சிறகு’ என்னும் முயற்சி தொடங்கப்பட்டது. அதே மண், அதே தொழில். கணக்கேடு மட்டும் கைமாறியது. விடுதலையின் பொருள் அதுவே.

மீண்டு வந்த குழந்தையை ஊரும் வகுப்பறையும் எவ்வாறு ஏற்கின்றன என்பதும் மீட்சியின் ஒரு பகுதியாகும். ‘எங்கே போயிருந்தாய்? என்ன நடந்தது?’ என்று துருவிக் கேட்பது புண்ணைக் கிளறுவதாகும். விட்டுப்போன பாடத்தின் குறிப்பேட்டை நீட்டுவதும் பழைய இருக்கையில் இடம்விட்டு அமர்வதும் போதும்.

பதிவேட்டில் குறியிடப்பட்ட அந்தப் பெயரை ஒருமுறை மீண்டும் எண்ணிப் பார்க்கலாம். அன்று அவளுக்காக ஐந்து வினாக்கள் கேட்கப்பட்டிருந்தால், அவள் நல்ல ஊதியத்துக்கு நல்ல இடத்துக்குச் சென்றிருப்பது தெரிந்து எல்லாரும் மகிழ்ந்திருக்கலாம். அன்றி, அவளைத் திருப்பி அழைத்துவர வேண்டிய தேவை தெரிந்திருக்கலாம். இரண்டில் எது உண்மை என்பது, கேட்காமல் விட்டதனால் எவருக்கும் தெரியாமலே போயிற்று. அடுத்த விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளில், வெற்றிடமாய் இருக்கும் இருக்கைக்கு உரியவர் எங்கே என்று கேட்கும் முதற்குரல் அவ்வகுப்பு மாணவருடையதாக இருத்தல் வேண்டும்.

கற்பவை கற்றபின்

1. ‘கடன் வேறு, தளை வேறு’ – இத்தொடரை விளக்கி ஒரு பக்க அளவில் கருத்துரை எழுதுக.

2. துண்டுமுறைக்கும் இன்றைய முன்பண முறைக்கும் உள்ள ஒற்றுமைகளைப் பட்டியலிடுக.

3. உங்கள் ஊராட்சியின் குழந்தைகள் பாதுகாப்புக் குழுவின் பணிகளை அறிந்து வந்து வகுப்பறையில் கலந்துரையாடுக.